கப்பல் எந்திர அறையின் குழாய்களைத் தடம் பிடித்துக் கற்கும் முறை

கப்பலில் புதிதாகச் சேரும் இளநிலைப் பொறியாளர் எந்திர அறைக்குள் முதலில் காண்பது எந்திரங்களை அல்ல, குழாய்களைத்தான். தரைத்தட்டுகளுக்கு அடியிலும் தலைக்கு மேலும் ஒன்றையொன்று கடந்து செல்லும் அந்தக் குழாய்களை ஒரே மூச்சில் புரிந்துகொள்ள முயல்வது வீண். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை கையில் டார்ச்சுடன் குழாயைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, திரவம் எங்கிருந்து வருகிறது, அதை எது தள்ளுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பலின் வரைபடத்தைப் பிறகு பாருங்கள். முதலில் உங்கள் கையால் ஒரு கோட்டுப்படம் வரைந்து, அதன்பின் அதனுடன் ஒப்பிடுவதே மனத்தில் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து.

குழாய்களின் மேல் சுற்றப்பட்டிருக்கும் வண்ணப் பட்டைகள் வழிகாட்டும். ஐ.எஸ்.ஓ. 14726 தரத்தின்படி பச்சை கடல்நீரையும், நீலம் நன்னீரையும், பழுப்பு எரிபொருளையும், ஆரஞ்சு உயவு எண்ணெய் போன்ற பிற எண்ணெய்களையும், சிவப்பு தீயணைப்பையும், வெள்ளி நிறம் நீராவியையும், கறுப்பு பில்ஜ் (கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் கழிவுநீர்) போன்ற கழிவுத் திரவங்களையும் குறிக்கும். ஆனால் பட்டையை மட்டும் நம்பி வால்வைத் திறக்கக் கூடாது. பழுதுபார்ப்பின்போது மாற்றிப் பொருத்திய ஒரு துண்டுக் குழாய்க்குப் பின்னர் வண்ணம் பூசாமலே விட்டிருக்கலாம்.

தொடங்குவதற்கு ஏற்றது கடல்நீர்க் குளிர்விப்பு அமைப்பு. அதன் தொடக்கமும் முடிவும் கப்பலின் உடற்சுவரிலேயே இருப்பதால் வழி தவறுவது அரிது. கடல்நீர் முதலில் சீ செஸ்ட் எனப்படும் பெட்டிக்குள் நுழைகிறது. அதன் வெளிவாயில் கம்பிச் சட்டத்தால் மூடப்பட்டிருக்கும். பொதுவாக மேல் சீ செஸ்ட், கீழ் சீ செஸ்ட் என இரண்டு இருக்கும். ஆழம் குறைந்த துறைமுகத்தில் சேறு உறிஞ்சப்படாமலிருக்க மேலுள்ளதைப் பயன்படுத்துவார்கள். திறந்த கடலில் கப்பல் உருளும்போது காற்று புகாமலிருக்கக் கீழுள்ளதைப் பயன்படுத்துவார்கள். சீ செஸ்ட்டை ஒட்டியே கப்பல்சுவர் வால்வு அமைந்திருக்கும். அது உடைந்தால் கடலுக்கும் எந்திர அறைக்கும் இடையே தடுப்பே இல்லாமல் போகும் என்பதால், எளிதில் நொறுங்கும் சாதாரண வார்ப்பிரும்பில் அதைச் செய்ய அனுமதிப்பதில்லை.

அடுத்து வருவது, நீருடன் வரும் குப்பையைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியான ஸ்ட்ரைனர். அதைச் சுத்தம் செய்யும் வேலை உங்களிடம்தான் முதலில் வரும் என்பதால் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாற்று சீ செஸ்ட்டைத் திறந்து பம்பின் அழுத்தம் நிலையாக இருப்பதைப் பார்த்த பிறகே, அடைத்த ஸ்ட்ரைனரின் இரு பக்க வால்வுகளையும் மூட வேண்டும். பின்னர் மூடியின் மேலுள்ள காற்றுத் திறப்பையும், அடியிலுள்ள வடிகாலையும் திறந்து நீரை வடிக்க வேண்டும். நீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கடல் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். மூடியைத் தொடவே கூடாது. நீர் நின்றுவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம், ஏனெனில் வடிகால் சேற்றால் அடைத்திருந்தாலும் நீர் வராது. ஆகவே மூடியின் நட்டுகளைக் கழற்றாமல் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, மூடியை மெல்ல அசைத்து, உள்ளே அழுத்தம் இல்லை என்பதை உறுதி செய்த பிறகே முழுவதும் கழற்ற வேண்டும்.

ஸ்ட்ரைனரைக் கடந்தால் பம்பு. கப்பலில் உள்ள பம்புகள் எத்தனை வடிவில் இருந்தாலும், இயக்குபவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இரண்டே வகைகளை. சென்ட்ரிபியூகல் பம்பு தன் சக்கரத்தின் சுழற்சியால் திரவத்திற்கு வேகம் கொடுத்து, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. இடப்பெயர்ச்சி வகையைச் சேர்ந்த கியர் பம்பு, ஸ்குரூ பம்பு, பிஸ்டன் பம்பு ஆகியவை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குறிப்பிட்ட அளவு திரவத்தைப் பிடித்து முன்னே தள்ளுகின்றன. சென்ட்ரிபியூகல் பம்பை உறிஞ்சு வால்வை முழுதும் திறந்து, வெளியேற்று வால்வை மூடி வைத்து இயக்கத் தொடங்கலாம். அப்போது மோட்டாரின் சுமை குறைவாக இருக்கும். வேகம் பிடித்ததும் வெளியேற்று வால்வை மெல்லத் திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே சுழலும் நீர் சூடாகிவிடும். இதே பழக்கத்தைக் கியர் பம்பிடம் காட்டினால், போக வழியில்லாத எண்ணெயின் அழுத்தம் நொடிகளில் ஏறி, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வைத் திறக்கும். அது பழுதாகி இருந்தால் பம்போ குழாயோ உடையும். எனவே இடப்பெயர்ச்சி பம்புகளை இரு வால்வுகளும் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே இயக்க வேண்டும்.

சென்ட்ரிபியூகல் பம்பு காற்றைத் தானே வெளியேற்றாது. அது கடல்மட்டத்திற்குக் கீழே இருந்தால் நீர் தானாக நிரம்பும். மேலே இருந்தால் முதலில் காற்றை நீக்கித் தர வேண்டும். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் நீரைக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 10.3 மீட்டர் வரைதான் உயர்த்தும். நடைமுறையில் அதைவிடக் கணிசமாகக் குறையும். உறிஞ்சு பக்க அழுத்தமானியில் வெற்றிடம் கூடிக்கொண்டே போய், வெளியேற்று அழுத்தம் சரிந்தால் ஸ்ட்ரைனரை முதலில் சந்தேகியுங்கள். உறிஞ்சு பக்கம் இயல்புக்கு அருகில் இருந்தும் வெளியேற்று முள் நடுங்கினால் காற்று புகுந்திருக்கலாம். பம்பு பேசுவது இந்த இரண்டு முட்களின் வழியாகத்தான். வாட்ச் எனப்படும் ஒவ்வொரு காவல்பணி நேரத்திலும் அவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

வால்வுகளில் கேட் வால்வு முழுதும் திறந்தோ முழுதும் மூடியோ இருக்க வேண்டியது. பாதி திறந்து வைத்தால் அதன் தகடு அதிர்ந்து, மூடும்போது தகடு பொருந்தி அமரும் பரப்பான இருக்கை அரிக்கப்படும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக் குளோப் வால்வு ஏற்றது. அதன் உடலில் வார்க்கப்பட்டிருக்கும் அம்புக்குறி ஓட்டத்தின் திசையைக் காட்டும். பெரிய கடல்நீர்க் குழாய்களில் பட்டர்ஃபிளை வால்வுகளே மிகுதி. நெம்புகோல் குழாயின் திசையிலேயே இருந்தால் அது திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது.

தனியாகப் படிக்க வேண்டியது திருகி மூடும் ஒருவழி வால்வு. வெளியிலிருந்து பார்த்தால் அது குளோப் வால்வைப் போலவே இருக்கும். உள்ளே அதன் தட்டு தண்டுடன் இணைக்கப்பட்டிருக்காது. கைச்சக்கரத்தைச் சுழற்றித் திறக்கும்போது தட்டு உயர்வதற்கு இடம் மட்டுமே கிடைக்கிறது. கீழிருந்து வரும் ஓட்டம்தான் அதைத் தூக்குகிறது, ஓட்டம் திரும்பினால் தட்டு தானாக இருக்கையில் அமர்ந்துவிடுகிறது. பில்ஜ் குழாய்களில் இந்த வால்வைப் பயன்படுத்துவதன் காரணம் இதுவே. பில்ஜ் பம்பு பல நேரங்களில் கடல் உறிஞ்சு குழாயுடனும் இணைக்கப்பட்டிருக்கும். யாரேனும் தவறுதலாக இரண்டையும் திறந்து வைத்தாலும் கடல்நீர் பின்னோக்கிப் பாய்ந்து சரக்கறையை நிரப்பாமல் இந்தத் தட்டு தடுக்கிறது. பழுதான ஒன்றுக்குப் பதிலாகக் கையிருப்பில் இருந்த சாதாரண குளோப் வால்வைப் பொருத்திவிட்டால் வெளியே எந்த வேறுபாடும் தெரியாது, பாதுகாப்பு மட்டும் போய்விடும். ஆகவே மாற்றும்போது தட்டின் அமைப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

பில்ஜைத் தொடரும்போது அவசர உறிஞ்சு வால்வையும் கண்டுபிடியுங்கள். எந்திர அறையில் நீர் புகுந்தால், பெரும்பாலும் பிரதான கடல்நீர்க் குளிர்விப்பு பம்பே கடலிலிருந்து உறிஞ்சாமல் அறையின் அடியிலிருந்தே நேராக உறிஞ்சும்படி இந்த வால்வு அமைக்கப்பட்டிருக்கும். வெள்ளத்திலும் எட்டும்படி அதன் தண்டு தரைத்தட்டுக்கு மேலே நீட்டப்பட்டிருக்கும். அவசர வால்வைத் திறந்து, பிறகு கடல் உறிஞ்சு வால்வை மூடுவதே முறை. இது உயிர்காக்கும் வழி மட்டுமே. வழக்கமான பில்ஜ் நீர், கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்ப்போலின் முதல் இணைப்பின்படி, எண்ணெய் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மிகாதபடி பிரிப்பானில் வடிகட்டப்பட்ட பிறகே கடலுக்குள் செல்லலாம்.

நன்னீர்க் குளிர்விப்பில் நீர் ஒரு மூடிய சுற்றிலேயே ஓடுவதால் தொடக்கமும் முடிவும் கிடையாது. அங்கே உயரத்தில் இருக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க்கிலிருந்து தொடங்குங்கள். சூட்டில் விரியும் நீருக்கு இடம் தருவதும், கசிவை ஈடுசெய்வதும், பம்பின் உறிஞ்சு பக்கத்தில் அழுத்தத்தை நிலைநிறுத்துவதும் அந்தத் தொட்டிதான். அதன் மட்டம் காரணமின்றி இறங்கினால் எங்கோ கசிகிறது.

எரிபொருள் குழாய்களில் தொட்டியை ஒட்டியே, விரைந்து மூடும் குவிக் குளோசிங் வால்வு இருக்கும். தீப்பிடித்தால் எந்திர அறைக்கு வெளியே நின்றே அதை மூட முடியும். 220 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும் பரப்புகள் காப்புறையால் மூடப்பட்டிருப்பதும், எண்ணெய்க் குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் விளிம்புகளான ஃபிளாஞ்சுகளைச் சுற்றித் தெறிப்புத் தடுப்பு கட்டப்பட்டிருப்பதும் ஒரே காரணத்திற்காகத்தான்: பீய்ச்சியடிக்கும் எண்ணெய் சூடான இரும்பைத் தொடக் கூடாது. வேலைக்காக இவற்றைக் கழற்றியவர் அதே வாட்ச்சில் மீண்டும் பொருத்த வேண்டும்.

எந்த ஃபிளாஞ்சைப் பிரிப்பதானாலும், இரு பக்க வால்வுகளையும் மூடிக் கட்டி, அறிவிப்பு அட்டை தொங்கவிட்டு, அழுத்தத்தை வடித்த பிறகு, உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். மிச்ச அழுத்தம் இருந்தால் அது உங்களை நோக்கி வராமல் அப்பால் போகும். மீண்டும் பொருத்தும்போது கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டை, அந்தத் திரவத்திற்கும் வெப்பநிலைக்கும் ஏற்றதாகப் பார்த்து இட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஃபிளாஞ்சுகள் நேர்கோட்டில் சேராவிட்டால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள். குழாயின் தாங்கியைச் சரிசெய்யுங்கள். பிறகு வால்வைச் சிறிதளவு திறந்து, காற்றை வெளியேற்றி, இணைப்பு உலர்ந்தே இருப்பதை உறுதிசெய்து, அழுத்தம் முழுதும் ஏறிய பின் மறுபடியும் ஒருமுறை துணியால் துடைத்துப் பார்த்த பிறகே அறிவிப்பு அட்டையை அகற்றுங்கள்.