ஈரத்தில் மிஸ் அடித்த கார்

மார்கழி மழையில் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் ஏறினாலே என் பழைய கார்புரேட்டர் கார் மிஸ் அடிக்கும், அதாவது எஞ்சின் விட்டுவிட்டுத் திணறும். வெயில் வந்தால் சரியாகிவிடும். ஈரத்தோடு வந்து போகிற கோளாறு என்றால் பெற்றோலைவிடத் தீப்பொறியின் மேல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தீப்பொறி தரும் பிளக்கைப் புதிதாகப் போட்டும் மாற்றமில்லை.

எஞ்சினை ஓடவிட்டு, காப்புறை போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவதில் மட்டும் சத்தம் மாறவில்லை; அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. வேறு வயர் போட்டும் அதே கதை. அப்புறம் இருட்டில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடி மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். நீலப்பொறி பாய்ந்தது! மூடியில் மயிரிழை வெடிப்பு, அதன் வழியே கரிக்கோடு. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அதிலேயே கசிந்திருக்கிறது. சுரண்டித் துடைத்தால் கொஞ்ச நாள்தான் தாங்கும். மூடியையும் அதனுள் சுழலும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றினேன். இப்போது அடைமழையிலும் சீராக ஓடுகிறது.