பழைய எம்ஜி மிட்ஜெட்டை இன்னொரு காரை வச்சு எழுப்புறது எப்படி: மலைநாட்டு ஆளுங்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்ன எழுப்ப அதே மாடல்ல இன்னொன்னு கெடைச்சிட்டா பாதி வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு, மறுநாளே ஸ்பேனரை எடுத்து ரெண்டாவது காரை துண்டு துண்டா கழட்டி சாக்குலயும் பெட்டிலயும் போட்டுடுறாங்க, ஆறு மாசம் கழிச்சு எந்த போல்ட்டு எங்க போகும்னு ஒருத்தருக்கும் தெரியாது, ரெண்டு காரும் போயிரும். தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க. பார்ட்ஸ் காரு, அதாவது சாமான் எடுக்கிறதுக்கு வச்சிருக்கிற அந்த ரெண்டாவது காரு, முழுசா நிக்கிற வரைக்கும்தான் அது உங்களுக்கு வழி காட்டும். வயரு எந்த பக்கமா ஓடுது, பிரேக் பைப்பு எங்க கிளிப் ஆகுது, கதவு கைப்பிடிக்கு உள்ள என்ன இருக்குன்னு எந்த புத்தகத்துலயும் அவ்வளவு தெளிவா இருக்காது. அதனால கடைசி வரைக்கும் அந்த காருல ஒரு பக்கத்தையாவது கழட்டாம வைங்க. இடது பக்க கதவு, இடது பக்க சஸ்பென்ஷன், டேஷ்போர்டுக்கு பின்னாடி இருக்கிற வயரிங், இது மூணும் கடைசில.

நான் இங்க எம்ஜி மிட்ஜெட்டையும் அதோட கூடப்பொறந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டையும் வச்சு சொல்றேன், ஏன்னா நம்ம பக்கம் எழுப்புறதுக்கு இதைவிட தோதான ஸ்போர்ட்ஸ் கார் கெடையாது. ஸ்ப்ரைட் 1958ல வந்துச்சு, மிட்ஜெட் 1961ல. ரெண்டுலயும் இருக்கிறது ஏ சீரிஸ் எஞ்சின், மொதல்ல 948 சிசி, அப்புறம் 1098, 1966ல இருந்து 1275. நம்ம ஊரு மொரிஸ் மைனர் 1000லயும் இதே குடும்பத்து எஞ்சின்தான், 948உம் 1098உம். ஸ்டியரிங் ரேக்கும் மைனர்ல இருந்து வந்ததுதான். அதனால உங்க பார்ட்ஸ் காருல இல்லாத சாமான் எத்தனையோ ஒரு பழைய மைனர் நிக்கிற கராஜ்ல, இல்லன்னா கொழும்பு பஞ்சிகாவத்தைல தேடினா சிக்கும்.

ஆனா ரெண்டாவது காரை வாங்குறதுக்கு முன்னாடி அது எந்த காலத்து காருன்னு பாத்துக்கங்க, இதுல ஏமாந்தா காசு போச்சு. 1964க்கு முந்தின மிட்ஜெட்ல பின் ஸ்பிரிங்கு பாதி ஸ்பிரிங்கு மாதிரி ஒரு முனைல மட்டும் பாடில பிடிச்சிருக்கும், அதுக்கப்புறம் வந்ததுல ரெண்டு முனையும் பிடிச்ச சாதாரண பட்டை ஸ்பிரிங்கு, அதனால பின்பக்க பாடியே வேற. முன்னாடி பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் இருந்தா அது 1974 கடைசில வந்த 1500, அதுல இருக்கிறது ட்ரையம்ஃப் எஞ்சின், ஏ சீரிஸ் இல்ல, கியர்பாக்ஸும் பொருந்தாது. கண்ணாடி, கதவுன்னு சிலது மாறிக்கும், ஆனா அதை நம்பி முழு காரை வாங்காதீங்க.

சரி ரெண்டும் வீட்டு முன்னாடி நிக்குது, எதை எழுப்புறது எதை கழிக்கிறது? எல்லாரும் எஞ்சின் ஓடுற காரைத்தான் எடுப்பாங்க. நான் சொல்றது பாடி நல்லா இருக்கிற காரை எடுங்க, எஞ்சின் ஜாம் ஆகி கெடந்தாலும் பரவாயில்ல. மிட்ஜெட்டுக்கு தனியா சேசிஸ் கெடையாது, பாடிதான் சேசிஸ், கதவுக்கு கீழ நீளமா ஓடுற சில்லு (சக்கரம் இல்ல, வாசப்படி மாதிரி இருக்கிற இரும்புப் பெட்டி) துருப்பிடிச்சு போச்சுன்னா கார் நடுவுல தொங்க ஆரம்பிச்சிரும். எஞ்சினை ஒரு சனி ஞாயிறுல எறக்கி ஏத்தலாம், நம்ம மலைல மிஸ்ட்டும் மழையும் வருசக்கணக்கா தின்ன பாடியை சரி பண்ண மாசக்கணக்குல ஆகும். ஒரு சின்ன சோதனை சொல்றேன். கதவை மூடிட்டு மேல பின் ஓரத்துல இருக்கிற இடைவெளியை பாருங்க, அப்புறம் முன் சக்கரத்துக்கு பின்னாடி ஜாக்கி போட்டு தூக்குங்க, இடைவெளி மாறினாலோ கதவு தொறக்க கஷ்டமானாலோ சில்லு உள்ளுக்குள்ள போயிருச்சு. அதே மாதிரி சீட்டுக்கு பின்னாடி கீழ, பின் ஸ்பிரிங்கோட முன் முனை பாடில பிடிக்கிற எடத்தை ஒரு பழைய ஸ்குரூ டிரைவரால குத்தி பாருங்க, கால் வைக்கிற தகட்டோட ஓரத்தையும், கதவு கீல் இருக்கிற தூணோட அடிப்பக்கத்தையும். அண்டர்சீல் கறுப்பா அழகா பூசி இருந்தா இன்னும் பலமா குத்துங்க.

காகிதத்தையும் இப்பவே பாருங்க, பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் பாத்து பிரயோசனம் இல்ல. காரோட பதிவுப் புத்தகத்துல இருக்கிற சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் காருல இருக்கிறதோட ஒத்துப்போகணும். பார்ட்ஸ் காரோட எஞ்சினை மாத்தி போட்டா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல அறிவிச்சு புத்தகத்துல பதிஞ்சுக்கங்க. ஒரு காரோட நம்பர் தகட்டை கழட்டி இன்னொன்னுல அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், யாரு சொன்னாலும் சரி. அது குத்தம், அந்த காரோட சரித்திரமும் அதோட அழிஞ்சிரும்.

கழட்டுறப்போ ஒவ்வொன்னையும் போன்ல படம் எடுங்க, கழட்டுறதுக்கு முன்னாடி ஒன்னு, பாதில ஒன்னு. போல்ட்டுகளை தனித்தனி ஜிப் பைல போட்டு எந்த கார், எந்த எடம்னு எழுதி உள்ள போடுங்க, பைக்கு வெளில எழுதினா நம்ம ஊரு ஈரத்துக்கு மை அழிஞ்சிரும். ஸ்பேனர் விசயம் முக்கியம். இந்த காருங்க இஞ்சி அளவு, யுஎன்எஃப் மரை, 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்தான் வேணும். இப்ப கராஜுல இருக்கிறதெல்லாம் ஜப்பான் காருக்கான மில்லிமீட்டர் ஸ்பேனர், 13ஐ 1/2க்கு போட்டு திருகினா கொஞ்சம் கொஞ்சமா தலை உருண்டு போயிரும். மரை வெட்டுற இஞ்சி டேப்பும் டையும் தேவைப்பட்டா தோட்டத்து பேக்டரில வேலை செஞ்ச பழைய பிட்டர் யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க, பழைய தேயிலை மெஷினெல்லாம் இஞ்சி கணக்குதான், அவங்க கை அந்த அளவுக்கு பழகினது. துரு பிடிச்ச போல்ட்டுக்கு கியர் ஓயிலும் தின்னரும் இல்ல, ஆட்டோமேட்டிக் கியர் ஓயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து விட்டு ஒரு ராத்திரி விடுங்க. ஜாம் ஆன எஞ்சினுக்கும் அதையே பிளக் ஓட்டை வழியா ஊத்தி ஒரு வாரம் பொறுங்க, அவசரப்பட்டு நீள பைப்பு போட்டு நெம்பாதீங்க.

டிங்கர் வேலைக்கு முன்னாடி பெட்ரோல் டேங்கை கழட்டி தூரமா கொண்டு போய் வச்சிருங்க, அதுக்கு அப்புறம்தான் வெல்டிங். சில்லை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு ஓட்டைல முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கால இரும்பு குழாய் வச்சு வெல்ட் பண்ணணும், கார் எக்சில் மேல நிக்கணும், நடுவுல ஜாக்கி கூடாது. ஒரு பக்கம் முழுசா முடிஞ்சதுக்கு அப்புறம்தான் மத்த பக்கம். டிங்கர் பாஸ் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் “பாஸ், குழாய் அடிக்காம வெட்ட வேணாம், கதவை மாட்டி பாத்துட்டு அடுத்த வெல்ட் வைப்போம்”னு கூட நின்னு சொல்லுங்க, அவரு கோவிச்சுக்க மாட்டாரு, ஏன்னா கதவு பொருந்தாம போனா ரெண்டு பேருக்கும் நட்டம். பார்ட்ஸ் காருல நல்ல தகடு இருக்கிற எடத்தை வெட்டி எடுக்கிறப்போ தேவையானதைவிட ரெண்டு இஞ்சி கூட வெட்டுங்க, ஸ்பாட் வெல்டை 8 மில்லிமீட்டர் டிரில்லால எடுங்க, அப்பதான் ஓரம் நெளியாம வரும். துருப்பிடிச்ச சில்லுக்கு மேலயே புது தகடு ஒட்டுறது நம்ம பக்கம் நெறைய நடக்குது, வெளில பளபளன்னு இருக்கும், உள்ள துரு ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கு சம்மதிக்காதீங்க. சில்லு மாதிரி வெல்ட் பண்ணி மூடுற பெட்டிக்குள்ள எல்லாம் கடைசில மெழுகு கலந்த ஓயிலை அடிச்சு விடணும்.

பெயிண்டுக்கு காலம் பாருங்க. ஹட்டன், தலவாக்கலை, வட்டவளை பக்கம்னா மே மாசத்துல இருந்து தென்மேற்கு மழை, அங்க ஜனவரி கடைசில இருந்து மார்ச்சு வரைக்கும் நல்லது. பண்டாரவளை, பதுளை பக்கம் மழை வருசக் கடைசில, அங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காஞ்சு கெடக்கும். ஈரக்காத்துல அடிச்ச பெயிண்ட் பால் மாதிரி வெளுத்துப்போகும். பிரைமர் அடிச்சு மாசக்கணக்கா வெளில விடாதீங்க, பிரைமர் தண்ணிய உறிஞ்சும், அடில துரு மறுபடி கெளம்பும்.

இப்ப மாத்துற விசயம். ரெண்டு காரு இருக்கிறப்போ இதுல பாதி அதுல பாதின்னு சேக்கணும்னு கை துறுதுறுக்கும், ஆனா சில சாமான் புருசன் பொண்டாட்டி மாதிரி, பிரிக்கக் கூடாது. பிளாக்கோட மெயின் பேரிங் மூடி அந்த பிளாக்குக்கே, கனெக்டிங் ராடு மூடி அந்த ராடுக்கே. கேம்ஷாப்டும் அதுல ஓடின டேப்பெட்டும் ஒன்னா போகணும், அதே வரிசைல. டிஃபரன்ஷியல்ல பெரிய பல்லும் சின்ன பல்லும் ஜோடி. எஸ்யூ கார்புரேட்டர்ல மேல இருக்கிற மணி மாதிரி மூடியும் உள்ள ஏறி எறங்குற பிஸ்டனும் ஜோடி, மிட்ஜெட்ல ரெண்டு கார்புரேட்டர் இருக்கு, ரெண்டையும் ஒரே தட்டுல போட்டு கழுவிட்டு மாத்தி மாட்டினா பிஸ்டன் ஒட்டிக்கும். கம்பி சக்கரம் இருந்தா இடது ஹப்பும் வலது ஹப்பும் வேற வேற மரை, பக்கம் மாத்தி போட்டா ஓடுறப்பவே ஸ்பின்னர், அதாவது சக்கரத்தை நடுவுல பிடிக்கிற பெரிய நட்டு, கழண்டு வரும். சக்கரத்தை தூக்கி, ஒருத்தர் பிரேக்கை மிதிக்க நீங்க சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்க, கடகடன்னு ஆடினா பல்லு தேஞ்சிருச்சு, அந்த ஹப்பை தொடாதீங்க.

சிலிண்டர் ஹெட்டை ரெண்டு காருல இருந்தும் கழட்டி கழுவி, இன்டேக் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நடுவுல வெடிப்பு இருக்கான்னு பாருங்க, குறிப்பா 1275ல. வெடிப்பு இல்லாததுதான் உங்க ஹெட்டு. முன் சஸ்பென்ஷன்ல கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்புற அச்சு, ரெண்டு காருலயும் தேஞ்சிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், கிரீஸ் அடிக்காம விட்ட காலம் ரெண்டுக்கும் ஒன்னுதானே, ரெண்டு தேஞ்சதுல நல்லதை தேடாம புது செட்டு வாங்குங்க.

பிரேக்குல பார்ட்ஸ் காரோட எந்த ரப்பரும், எந்த ஹோசும், எந்த பைப்பும் வேண்டாம். காலிப்பரோட வெளி உடம்பு, டிரம், பெடல் அதெல்லாம் எடுக்கலாம், உள்ள எல்லாம் புதுசு. பழைய பிரேக் லைனிங்ல அஸ்பெஸ்டஸ் இருக்கும், தூசியை காத்தடிச்சு ஊதாதீங்க, தண்ணி விட்டு நனைச்சு தொடைங்க. பிரேக் ஓயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேந்த ஓயில் சூட்டுல சீக்கிரம் கொதிச்சு பெடல் கீழ போயிரும், நம்ம எறக்கத்துக்கு அது உயிர் போற விசயம். டாட் 4 ஊத்தி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

ரெண்டு காருக்கும் டிஃபரன்ஷியல் வேற வேறயா இருந்தா அது உங்களுக்கு அதிர்ஷ்டம். அதோட பல் விகிதம் முந்தின காருல 4.22, பிந்தினதுல 3.9. கொழும்பு பக்கம் நேர் ரோட்டுல ஓட 3.9 சுகம், நானுஓயா ஏத்தத்துல ஓட்டுறவங்களுக்கு நான் 4.22தான் சொல்லுவேன், ரெண்டாம் கியர்ல இழுத்துக்கிட்டே போகும். மாத்தினா ஸ்பீடோமீட்டரையும் அதே காருல இருந்து எடுங்க, இல்லன்னா வேகம் தப்பா காட்டும்.

வயரிங் லூகாஸ் கலர்தான். பிரவுன் பேட்டரில இருந்து நேரா, வெள்ளை சாவி போட்டா, பச்சை சாவி போட்டு பியூஸ் வழியா, ஊதா எப்பவும் பியூஸ் வழியா, நீலம் ஹெட்லைட்டு, சிவப்பு சின்ன லைட்டு, கறுப்பு எர்த். 1967 வரைக்கும் வந்த காருல பேட்டரியோட பிளஸ்தான் பாடிக்கு, அதுக்கப்புறம் மைனஸ். ஒரு காரு அப்படியும் இன்னொன்னு இப்படியும் இருந்தா எலக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டரையோ ஆல்டர்னேட்டரையோ பாக்காம மாட்டாதீங்க, கருகிரும்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்குற கைக்கும் நடுவுல உள்ளது) ஆறின எஞ்சின்ல 12 தவு, ஒரு தவு இஞ்சில ஆயிரத்துல ஒன்னு, அதாவது 0.30 மில்லிமீட்டர். கார்புரேட்டரை நீங்க ஓட்டப்போற உயரத்துலயே டியூன் பண்ணுங்க. நுவரெலியா 1868 மீட்டர், கடல் மட்டத்துல இருக்கிறதைவிட காத்து அஞ்சுல ஒரு பங்கு கம்மி, கீழ டியூன் பண்ணின காரு மேல வந்தா பெட்ரோல் அதிகமாகி கறுப்பா புகையும். எஞ்சின் சூடானதும் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா தூக்கி பாருங்க, சத்தம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம், அடில இருக்கிற நட்டை மேல திருகுங்க, உடனே அணைய பாத்தா குறைவு, கீழ திருகுங்க. லேசா ஏறி பழைய சத்தத்துக்கு வந்தா சரி.

முதல் ஓட்டம் ஒரு மைதானத்துல, பிரேக்கை நாலு தடவை பலமா மிதிச்சு நாலு சக்கரமும் ஒன்னா நிக்குதான்னு பாத்துட்டு. அப்புறம் தட்டையான ரோட்டுல. ரம்பொடை வழியா புசல்லாவைக்கு எறங்குற ரோடெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும், 500 மைல் ஓடி எஞ்சின் ஓயிலை மாத்தி, ஹெட் நட்டை ஆறின எஞ்சின்ல டார்க் ஸ்பேனரால மறுபடி அளவா இறுக்கி, டேப்பெட்டை பாத்து, கம்பி சக்கர ஸ்பின்னரை மறுபடி தட்டி இறுக்கினதுக்கு அப்புறம் போங்க. அதுவரைக்கும் பார்ட்ஸ் காரோட மிச்சத்தை இரும்புக்கடைக்கு குடுக்காதீங்க. முன் கண்ணாடி, அதோட பிரேம், லைட்டு கண்ணாடிங்க, மீட்டருங்க, டிஃபரன்ஷியல், நல்லா இருக்கிற கியர்பாக்ஸ் எல்லாத்தையும் ஓயில் தடவி துணில சுத்தி, தரைல படாம பலகை மேல அடுக்கி வைங்க, வெறும் பாடி மட்டும் போகட்டும், அதுவும் திணைக்களத்துல அந்த நம்பரோட கணக்கை முடிச்சதுக்கு அப்புறம்.