கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா? மாற்றும் முன் அளந்து பாருங்கள்

முதல் கியரில் ஒழுங்காகக் கிளம்பும். வேகம் ஏற ஏற மூச்சு முட்டும். மேட்டில் இழுக்கவே இழுக்காது. ஃபில்டர்கள், பிளக் எல்லாம் மாற்றியும் என் பழைய பெட்ரோல் கார் இப்படித்தான் படுத்தியது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகி, புகை போகும் வழியை அடைத்திருந்தது. விலை அதிகமுள்ள பாகம் இது. சந்தேகத்தை மட்டும் நம்பி மாற்றாதீர்கள்.

வண்டி ஆறியதும் ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை மெல்லத் தட்டுங்கள். கலகலவென்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றாலும் நம்பிவிடாதீர்கள், உருகி ஒட்டியது சத்தம் போடாது.

அடுத்தது வேக்வம் கேஜ், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவை அளக்கும் மீட்டர். நான் ஒரு நாள் முழுக்கத் தடுமாறியது இங்கேதான். த்ராட்டில் பாடியில் (எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம்) கைக்கு எட்டிய குழாயில் மாட்டினேன். ஐட்லிங்கில் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. எஞ்சினே போய்விட்டதென்று பயந்துபோனேன். அந்தத் துளை த்ராட்டில் தகட்டுக்கு மேலே இருந்தது. தகடு திறந்தால்தான் அங்கே உறிஞ்சும். நமக்கு வேண்டியது தகட்டுக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டிலிருந்தே வரும் குழாய். குழாய் நுனியில் விரலை வையுங்கள். ஐட்லிங்கிலேயே விரலைக் கவ்வி இழுத்தால் அதுதான்.

எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் 17 முதல் 22 அங்குலம் (பாதரச அளவு) காட்ட வேண்டும். உயரமான ஊரென்றால் 1000 அடிக்கு ஏறக்குறைய 1 அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். இப்போது 2500 ஆர்பிஎம்மில் அப்படியே பிடித்திருங்கள். நல்ல வண்டியில் முள் சட்டென்று இறங்கி, திரும்ப ஏறி நின்றுவிடும். என் வண்டியில் 18-இல் இருந்த முள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல 11-க்கு வந்துவிட்டது. அடைப்பின் அறிகுறி அது.

உறுதி செய்ய, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அங்கே பிரஷர் கேஜை மாட்டுங்கள். ஐட்லிங்கில் 1.5 பிஎஸ்ஐ, 2500-இல் 3 பிஎஸ்ஐ தாண்டினால் அடைப்புதான். சென்சார் இறுகியிருந்தால் துருநீக்கி அடித்து, எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, ஒயர் நுழைய வெட்டு விட்ட 22 மிமீ சாக்கெட்டால் திருப்புங்கள். சாதாரண ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும்.

கன்வெர்ட்டரின் முன்னும் பின்னும் சூட்டை அளக்கச் சிலர் சொல்லும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. பளபளக்கும் உலோகத்தில் தப்பாகக் காட்டும். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பி0420 என்ற பிழைக் கோடும் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைத்தான் சொல்லும், அடைப்பைச் சொல்லாது.

பிற்சேர்க்கை: கன்வெர்ட்டர் மாற்றியும் அழுத்தம் குறையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பின்பக்க சென்சார் இருக்கும் இடத்திலும் கேஜை மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே அழுத்தம் இருந்தால் அடைப்பு அதற்கும் பின்னால், சைலன்சரில்.

இன்னொன்று, பீங்கான் தானாக உருகாது. பெரும்பாலும் மிஸ்ஃபயர் ஆகி (சிலிண்டரில் பற்றிக்கொள்ளாமல்) எரியாமல் வரும் பெட்ரோல் உள்ளே போய் எரிவதால்தான் உருகுகிறது. என் வண்டியில் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில் விட்டுவிட்டு வேலை செய்தது. அதை மாற்றிய பிறகுதான் புதுக் கன்வெர்ட்டரை மாட்டினேன்.