ஜிம்பாரனில் மீன் சாப்பிடும் முன் எடையைப் பாருங்கள்

பாலித் தீவின் ஜிம்பாரன் கடற்கரை உணவகங்களில் மீனைத் தேர்ந்தெடுத்ததும், அதை உங்கள் கண்ணெதிரே எடைபோடச் செய்து, கிலோ விலையையும் மொத்தத் தொகையையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே அடுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே மீன், இறால், நண்டு ஆகியவை பெரும்பாலும் எடைக்கே விற்கப்படுகின்றன. தேங்காய் மட்டை நெருப்பில் சுட்டுத் தட்டில் வைத்துவிட்ட மீனின் பச்சை எடையைப் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. மீனை வைக்கும் கூடை தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால், முதலில் வெறும் கூடையை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லத் தயங்கவே வேண்டாம்.

பட்டியலில் விலையை அடுத்து இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். இரண்டும் சேர்ந்து பல இடங்களில் 21 சதவீதம் வரை கூடுவதால், அதையும் கணக்கில் சேர்த்தே மீனின் அளவைத் தீர்மானியுங்கள். இன்னும் சிக்கனம் வேண்டுமானால், பக்கத்திலுள்ள கெடோங்கானன் மீன்சந்தையில் காலையிலேயே வாங்கி, அருகிலுள்ள கடைகளில் கூலி கொடுத்துச் சுட்டுக்கொள்ளலாம்.

தலைக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்த தொகுப்பு உணவுக்கும், மீனை எண்ணிக்கைக்கு விற்கும் ‘வாருங்’ எனப்படும் சிறிய உணவுக் கடைகளுக்கும் எடை பார்க்கும் இந்த முறை தேவைப்படாது.