மோடம் லாகின்: முதல் எழுத்தை வெட்டுங்கள்

லினக்ஸில் டயல்-அப் மோடத்துக்குச் சாட் ஸ்கிரிப்ட் (எது வந்தால் என்ன பதில் அனுப்புவது என்ற பட்டியல்) எழுதும்போது, 'லாகின்:' என்ற முழுச் சொல்லுக்காகக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தான 'எல்'லை வெட்டிவிட்டு மீதியை மட்டும் கொடுங்கள். 'பாஸ்வேர்ட்:' சொல்லுக்கும் அப்படியே, 'பி' வேண்டாம்.

சில சர்வர்கள் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் அனுப்பும், சில சிறியதில். சாட் நிரல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒன்று மாறினாலும் 45 விநாடி சும்மா காத்துக்கிடந்துவிட்டுக் கைவிட்டுவிடும். மோடம் சொல்லும் 'பிஸி', 'நோ கேரியர்' இரண்டையும் அபார்ட் ('இது வந்தால் உடனே நிறுத்து') வரிகளில் போட்டுவிட்டால் லைன் கிடைக்காதபோது அந்தக் காத்திருப்பும் மிச்சம். ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பில், 600 அனுமதியோடு (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்) வையுங்கள். கட்டளை வரியில் கடவுச்சொல் எழுதினால் பிஎஸ் (ஓடும் நிரல்களைக் காட்டும் கட்டளை) போடுகிற யாரும் படித்துவிடலாம்.

பாப் (PAP), சாப் (CHAP) என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறைகளில் சரிபார்க்கும் சர்வருக்கு இதெல்லாம் வேண்டாம். அங்கே லாகின் கேள்வியே வராது. மோடத்திடமிருந்து 'கனெக்ட்' வந்ததும் ஸ்கிரிப்டை முடித்துவிடுங்கள்.