நைட்டின் கவசப் பெயர்களை உச்சரிப்பது எப்படி? காலிலிருந்து தொடங்குவோம்

நைட் (knight) என்பவர் இடைக்கால ஐரோப்பாவின் குதிரைவீரர். அவர் அணிந்த கவசங்களின் பெயர்கள் வீடியோ கேம்களில் அடிக்கடி வரும். ஸ்பெல்லிங்கைப் பார்த்து வாசித்தால் பாதி தப்பாகிவிடும். 1066-இல் வடபிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், அங்கே ஆட்சி செய்தவர்களின் பேச்சு பிரெஞ்சு. கவசப் பெயர்களில் பல அந்த மொழியிலிருந்து வந்து ஆங்கில வாயில் தேய்ந்தவை. அதனால் இன்றைய பிரெஞ்சு உச்சரிப்பை வலிந்து கொண்டுவர வேண்டாம். ஆங்கிலத்தில் நிலைத்த ஒலியே போதும்.

முதலில் நம் எழுத்தின் சிக்கல். 'கடல்', 'காந்தி' இரண்டிலும் க ஒன்றுதான், ஒலி வேறு. 'பல்'லும் 'பஸ்'ஸும், 'டீ'யும் 'டாக்டரு'ம் அப்படியே. கீழே தேவைப்படும் இடத்தில் இந்தச் சொற்களையே அடையாளமாகச் சொல்கிறேன்.

படி 1: கால்

நைட்டுக்கு உதவியாளர்கள் கவசம் மாட்டியது பாதத்திலிருந்து மேல்நோக்கித்தான். நாமும் அப்படியே போவோம். பாதத்துக்கு சேபட்டன்: நடுவில் பஸ்ஸின் ப, அழுத்தம் 'சே'யில். முழங்காலுக்குக் கீழே க்ரீவ், காந்தியின் க. முழங்கால் மூட்டுக்கு போலேன். தொடைக்கு வருவதுதான் பலரை விழவைக்கும்: க்விஸ் (cuisse). ஒரே அசை, டக்கென்று முடிந்துவிடும். 'குய்சே' என்று இழுக்காதீர்கள்.

படி 2: உடல்

மார்பையும் முதுகையும் மூடுவது க்விராஸ். இங்கே அழுத்தம் கடைசி அசையில்: க்வி-ராஸ். தோலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இரும்புத் தகடான பிறகும் யாரும் பெயரை மாற்றவில்லை. இடுப்புக்குக் கீழே வளையம் வளையமாக இறங்குவது ஃபால்ட், முடிவில் டாக்டரின் ட. அதில் தொங்கும் தொடைத் தகடு டேசெட், தொடக்கத்தில் டீயின் ட.

படி 3: கை

முழங்கைக்கு கூட்டர். ஸ்கூட்டரில் ஸ்-ஐ எடுத்துவிட்டால் வந்துவிட்டது. முன்கைக்கு வேம்ப்ரேஸ், 'கம்பம்' சொல்லும்போது ம்-க்குப் பின் வரும் ப தானாகவே மென்மையாகிவிடும், அதே ஒலிதான், எனவே நமக்குப் பிரச்சினை இல்லை. மேல்கைக்கு ரியர்ப்ரேஸ் (rerebrace). ஸ்பெல்லிங்கைப் பார்த்து 'ரெரெ' என்று தடுமாற வேண்டாம். தோளுக்கு பால்ட்ரன்: தொடக்கத்தில் பல்லின் ப, உயிரொலி ஃபுட்பாலில் வருகிற 'பால்' மாதிரி, ட டாக்டருடையது. கையுறை காண்ட்லெட், காந்தியின் க.

படி 4: கழுத்தும் தலையும்

கழுத்துக்கு கோர்ஜெட். முதலில் காந்தியின் க, நடுவில் ஜன்னலின் ஜ. பிரெஞ்சில் 'கோர்ஜ்' என்றால் தொண்டை, அதோடு சேர்த்து நினைவில் வைக்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் சேலட் என்ற தலைக்கவசத்தோடு, தாடையை மூட பீவர் (பஸ்ஸின் ப) அணிந்தார்கள். சேலட் சாப்பிடுகிற சாலட் மாதிரியே ஒலிக்கும், ஆனால் முடிவில் டீயின் ட. அதற்கு முந்தைய நூற்றாண்டின் கூம்புத் தலைக்கவசம் பேசினெட் (bascinet). நடுவில் ஸ் ஒலி ஒன்றுதான், 'க' எட்டிப்பார்க்கக் கூடாது. முதல் அசையிலும் கடைசி அசையிலும் அழுத்துபவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் செல்லும்.

படி 5: பயிற்சி

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கும் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் காணொளிகள் யூடியூபில் கிடைக்கின்றன. படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். கூட்டர் என்று காதில் விழுந்ததும் முழங்கையையும், க்விஸ் என்றதும் தொடையையும் தொடுங்கள். அப்புறம் யாரையாவது உங்கள் உடலில் ஓர் இடத்தைக் காட்டச் சொல்லி, பெயரை நீங்கள் சொல்லிப் பாருங்கள். வேம்ப்ரேஸும் ரியர்ப்ரேஸும் கொஞ்ச நாள் குழப்பும். அந்த இரண்டை மட்டும் தனியாக, மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள்.