குமரியை நடந்து பாருங்கள்: ஊருக்கு வருவோருக்குச் சில எளிய நடைகள்

வெளிநாட்டிலிருந்து வரும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் கன்னியாகுமரிக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குகின்றன. விடியலில் சூரிய உதயம், பிறகு படகில் விவேகானந்தர் பாறை, மத்தியானம் சுசீந்திரம், சாயங்காலம் அஸ்தமனம், இரவோடு இரவாக மதுரைக்கு வேன். பார்த்தது முழுக்க வேன் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போயிருக்கும். கடல், உப்பளம், நெல்வயல், பாறைமலை, ரப்பர் தோட்டம் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கிற மாவட்டம் தமிழ்நாட்டில் இதைப்போல் இன்னொன்று எனக்குத் தெரியாது. இதை நடந்துதான் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள். தங்குவது நாகர்கோவிலில் என்றால் இன்னும் நல்லது. கன்னியாகுமரி அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான், மேற்கே மார்த்தாண்டம் பக்கம் போவதும் சுலபம்.

எப்போது வருவது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும் வரை நடப்பதற்கு மிக நல்ல காலம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கன்னியாகுமரியை நிறைத்துவிடும், அறை கிடைப்பதும் கஷ்டம். ஆனால் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்கிற குடும்பங்களே அதிகம். அவர்கள் கவலைப்பட வேண்டாம். அப்போது கடல் கொந்தளிப்பாக இருக்கும், பாறைகள் வழுக்கும், ஆனால் காலைப் பொழுதுகள் குளுமையாக இருக்கும். கீழே நான் சொல்லப்போகும் சிதறாலும் மாத்தூரும் அந்த மாதங்களில்தான் பச்சைப் பசேல் என்று இருக்கும்.

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சிதறாலைச் சொல்வேன். மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பேருந்து அடிக்கடி இல்லாததால் ஆட்டோ பிடித்து, திரும்ப அழைத்துப் போகவும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை மேலே போகிறது. மெதுவாக ஏறினாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. முழங்கால் வலி உள்ள அம்மாக்களும் நின்று நின்று ஏறிவிடலாம்.

மேலே இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே குனிந்து நுழைந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் முகத்தில் வரிசையாகச் சமணர்களின் குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். பாம்பு குடை பிடிக்கும் பார்சுவநாதரைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். அம்பிகை என்ற சமணத் தேவியும் அவளுடைய சிங்கமும் அங்கே உண்டு. அந்தக் காலத்தில் இதற்குத் திருச்சாணத்து மலை என்று பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குறத்திகள் என்ற பெண் துறவி இங்கே பகவதிக்குப் பொன் அணிகலன் கொடுத்ததை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் துறவியின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மகளோடு போகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று இதைச் சொல்லிக் காட்டுங்கள். சமணர் தலமாக இருந்த இது பிற்காலத்தில் இந்துக்களின் பகவதி கோயிலாக ஆனது. பக்கத்தில் பாறைச் சுனை ஒன்று இருக்கிறது, அதில் இறங்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் மேலே போனால் தென்னையும் ரப்பரும் மூடிய மேடுபள்ளங்கள் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை விரியும். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். சிற்பத்தைத் தொடுவதோ பாறையில் பெயர் கிறுக்குவதோ வேண்டவே வேண்டாம்.

அதே நாளில் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். காமராசர் ஆட்சிக்காலத்துத் திட்டம், 1966இல் முடிந்தது. பறளியாற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே 28 தூண்களில், 115 அடி உயரத்தில், பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோகும் தொட்டி அது. தொட்டியை ஒட்டிய நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சமதளமாக நடக்கலாம். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் படிகளில் கீழே இறங்கி, ஆற்றங்கரையில் நின்று தூண்களை அண்ணாந்து பார்க்கட்டும். என்னைக் கேட்டால் அந்தப் பார்வைதான் இன்னும் அழகு.

மலை ஏறியே ஆக வேண்டும் என்று நினைக்கும் இளவட்டங்களுக்கு மருந்துவாழ்மலை. கன்னியாகுமரி - நாகர்கோவில் சாலையில் பொற்றையடியில் இறங்க வேண்டும். சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிப் போனபோது சிந்திய துண்டு என்பது ஊர்க்கதை. மூலிகைகளுக்குப் பேர்போன மலை. நாராயண குரு தவம் செய்ததாகச் சொல்லும் பிள்ளைத்தடம் குகையும் இங்கேதான். அய்யா வைகுண்டரின் சாமிதோப்பு பக்கத்தில் இருப்பதால், அவரைப் பின்பற்றும் அய்யாவழி மக்களுக்கும் இது புனிதமான இடம். தொடக்கத்தில் படிகள், அப்புறம் பாறையும் கல்லுமான பாதை. உடம்பு பழகியவர்களுக்கு ஒரு மணி நேரம், நின்று போகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கே ஏறத் தொடங்க வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் பாறை சூடேறிவிடும், மேலே போகப் போக நிழலும் குறைவு. பெரியவர்கள் வழியிலுள்ள சிறு கோயில்கள் வரை வந்து, காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடலும் தென்னந்தோப்புகளும் குளங்களும், இன்னொரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். குரங்குகள் இருப்பதால் தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள். தனியாகவும் ஏறாதீர்கள்.

ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்குத் தேரூர் குளக்கரை. சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகள் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில், காலை ஏழு மணிக்கு முன்னால் கரையில் நடந்தால் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி என்று கண்ணுக்கு விருந்துதான். பைனாகுலர் கொண்டுவாருங்கள். கரையோரம் வீடுகளும் வயல் வேலையும் இருக்கும். எதிரே வருகிற பெரியவரிடம் “அண்ணே, பறவை எந்தப் பக்கம் நிறைய இருக்கு?” என்று கேட்டால் போதும், சரியான இடத்தைக் காட்டிவிடுவார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் இது. வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளியில் அவர் பாட்டைப் படித்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நடையில் தனி உற்சாகம் வந்துவிடும். அப்படியே சுசீந்திரம் கோயிலுக்கும் போய்விடலாம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கன்னியாகுமரி அம்மன் கோயிலிலும் அதே முறைதான். நடைப் பையில் ஒரு வேட்டியை மடித்து வைத்துக்கொண்டால் அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்று தவிக்க வேண்டியிருக்காது.

கடலோரத்தில் வட்டக்கோட்டை சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்காக டிலனாய் கட்டிய கருங்கல் கோட்டை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர்தான் இந்த டிலனாய், பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கினார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. மரநிழலில் நடக்க விரும்பினால் அங்கேயும் ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம். வட்டக்கோட்டை மதில்மேல் சுற்றி வர அரை மணி நேரம் போதும். மேற்கே முட்டத்தில் பாறைகளும் கலங்கரை விளக்கமும் மாலைக்கு நன்றாக இருக்கும். சொத்தவிளையில் நீண்ட மணற்பரப்பு உண்டு, ஈர மணலில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். மீனவக் கிராமங்களின் வழியாகப் போகும்போது, விரித்துக் கிடக்கும் வலையை மிதிக்காதீர்கள். மீன் காயவைக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் உறவுகளைப் பறிகொடுத்த கரை இது. அந்த நினைப்போடு நடந்தாலே நம் பேச்சும் பார்வையும் தானாக அடங்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கிய பிள்ளையாக இருந்தாலும் சரி. கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்லும் பேரலை, எங்கோ தொலைவில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலால் எழுந்து வருவது. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் வெளுத்திருக்கும். திடீரென்று கரையேறி, நிற்கிறவர்களை இழுத்துப் போய்விடும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் இறந்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வருகிறவர்கள் காலையில் செய்தியைப் பாருங்கள், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் அன்று கடற்கரையை விட்டுவிட்டு மலைப்பக்கம் போங்கள். பாறை நுனியில் நின்று செல்ஃபி எடுப்பது எந்த மாதத்திலும் கூடாது. கரையில் நிற்கும் மீனவர் “அங்க போவாதீங்க மக்களே” என்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிடுங்கள்.

காட்டு வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காளிகேசம், உலக்கை அருவி ஆகியவை வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. யானை நடமாட்டமுள்ள காடு அது. அன்றைக்கு அனுமதி உண்டா என்று வனத்துறையில் கேட்காமல் போகாதீர்கள்.

மகா சிவராத்திரியையொட்டி வருகிறவர்களுக்கு இந்த மாவட்டத்தின் மிகப் பழைய நடை ஒன்று காத்திருக்கிறது. சிவாலய ஓட்டம். முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு, கையில் பனையோலை விசிறியோடு, “கோவிந்தா, கோபாலா” என்று அழைத்தபடி ஓடியும் நடந்தும் போவார்கள். முழுதும் போக நோன்பும் பயிற்சியும் வேண்டும். பத்மநாபபுரத்திலுள்ள கல்குளம் நீலகண்ட சுவாமி கோயிலிலிருந்து அடுத்த கோயிலான மேலாங்கோடு வரை மட்டும் கூட நடக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுப்பார்கள். மற்ற நாட்களிலும் இந்தத் துண்டு நல்ல நடைதான். பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.

நடந்து முடித்ததும் வயிறு கேட்கும். மேற்கே சாயாக்கடைகளில் பழம்பொரி, சாப்பாட்டுக் கடைகளில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பிள்ளைகளுக்கு அதுவே போதும். கோடை தொடங்கும் நேரம் என்றால் அக்கானி கிடைக்கும். நம் பதநீர்தான். காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துப்போகும்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். ஊர்க் கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது, சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், மத்தியத் தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் இந்தியர்களுக்கான கட்டணமே உங்களுக்கும். நாயோ குரங்கோ கடித்தால், கீறினால் கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 108. மலையேற்றப் பழக்கமுள்ளவர்கள் கார்மின் இன்ரீச் போன்ற, சேட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளைப் பையில் வைத்திருப்பீர்கள். முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவருவது குற்றம், விமான நிலையத்திலேயே சிக்கல் வரும். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.